சல்யூட் போதும், தண்ணீர் கொடுங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆகஸ்ட் 14 சட்டபூர்வமான விடுமுறை நாள். இரண்டாம் உலகப்போரில் தங்கள் தாய்மொழியையே சங்கேதக் குறியீடாக்கி ஜப்பானிய உளவுத்துறையைத் திணறடித்த நவஹோ பழங்குடி வீரர்களின் நினைவு நாள் அது. அதற்கான மசோதாவை 2021-இல் மாநில செனட்டில் கொண்டுவந்தவர் ஜேமசீட்டா பெஷ்லகாய். அவரும் நவஹோ பெண்மணி. வளைகுடாப் போர்க்காலத்து ராணுவ வீராங்கனை. மசோதா சட்டமானது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. ஆகஸ்ட் 14 ஞாயிறு அல்லாத நாளில் வந்தால், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையே விடுமுறை நாளாகக் கடைப்பிடிக்கப்படும். எப்படியும் விடுமுறையாக இருக்கும் நாளை விடுமுறை என்று அறிவிக்க அரசு கஜானாவுக்குக் காலணா செலவில்லை.

நவஹோ மக்களுக்கு அரிசோனா தரும் மரியாதை பெரும்பாலும் இந்த ரகம்தான். செலவில்லாத மரியாதை என்றால் தாராளமாகக் கிடைக்கும். பணமோ, தண்ணீரோ, வாக்குரிமையோ கேட்டால் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பு, இல்லையென்றால் நீதிமன்றம்.

1942-இல் சங்கேதப் பணிக்கு முதலில் சேர்க்கப்பட்ட நவஹோ இளைஞர்கள் 29 பேர்; போர் முடிவதற்குள் அவர்கள் ஏறத்தாழ 400 பேராகப் பெருகினர். அவர்களில் பலர், தாய்மொழி பேசினால் தண்டனை கிடைத்த உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். வெற்றி வீரர்களாக ஊர் திரும்பியபோது அரிசோனாவில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. பழங்குடிகள் அனைவரையும் அமெரிக்கக் குடிமக்களாக்கிய சட்டம் 1924-லேயே வந்துவிட்டது. ஆனால் அவர்கள் மத்திய அரசின் 'பாதுகாவலில்' இருப்பவர்கள், எனவே வாக்களிக்கத் தகுதியற்றவர்கள் என்று 1928-இல் அரிசோனா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதை 1948-இல் உடைத்தவர்கள் ஃபோர்ட் மெக்டவல் பழங்குடிப் பகுதியைச் சேர்ந்த ஃபிராங்க் ஹாரிசனும் ஹாரி ஆஸ்டினும். ஹாரிசன், போரிலிருந்து திரும்பிய முன்னாள் வீரர். வாக்காளராகப் பதிய அலுவலகம் போனார், மறுத்தார்கள், வழக்குப் போட்டார். அதன் பிறகும் ஆங்கில எழுத்தறிவுத் தேர்வு என்ற சுவர் மிச்சமிருந்தது. அது விழுந்தது 1970-இல்தான். நவஹோ மொழியால் போரில் பயனடைந்த அதே நாட்டில், நவஹோ மொழி மட்டும் தெரிந்தவர் ஓட்டுப் போட முடியாது!

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 1993 முதல் 2005 வரை, பழங்குடி நிலத்தையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்ட ராணுவத்தினரின் சம்பளத்தில் மாநில வருமான வரி பிடித்தம் செய்யப்பட்டது. சட்டப்படி அவர்களிடம் அந்த வரியை வாங்க அரிசோனாவுக்கு உரிமையே இல்லை. பணத்தைத் திருப்பித் தர 2016-இல்தான் சட்டம் இயற்றினார்கள். எல்லையில் காவல் நின்றவர்களின் சம்பளத்தில் கை வைத்துவிட்டு, 'உங்கள் தியாகத்துக்கு நன்றி' என்று மேடையில் பேசுவது எந்த வகை நாகரிகம்?

பெஷ்லகாயின் ஊர் கேமரன். நவஹோ பகுதியின் மேற்கு விளிம்பில், கிராண்ட் கேன்யனுக்குப் போகும் பயணிகள் பெட்ரோல் போட நிற்கும் சிற்றூர். அவர்கள் பார்க்காத ஒரு வரலாறு அந்த ஊருக்கு உண்டு. நவஹோ, ஹோப்பி இனத்தவரிடையே இருந்த நிலத் தகராறைக் காரணம் காட்டி 1966-இல் மத்திய அரசு ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கரில் எல்லா வளர்ச்சிப் பணிகளுக்கும் தடை போட்டது. பழங்குடி விவகாரத் துறை ஆணையரின் பெயரால் 'பென்னெட் முடக்கம்' எனப்படும் இந்த உத்தரவால் புது வீடு கட்ட முடியாது, மின்கம்பி இழுக்க முடியாது, ஒழுகும் கூரையைக்கூட அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. கேமரனும் அதற்குள் சிக்கியது. சட்டத்தில் தடை நீங்கியது 2009-இல். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, ராணுவத்தில் சேர்ந்து, ஓய்வும் பெறப் போதுமான காலம் அது.

கேமரனுக்கு அருகில் உள்ள டூபா சிட்டியைச் சேர்ந்த ஹோப்பி பெண் லோரி பியெஸ்டேவா 2003-இல் இராக்கில் கொல்லப்பட்டார். அமெரிக்க ராணுவப் பணியில் போர்க்களத்தில் உயிரிழந்த முதல் பூர்வகுடிப் பெண் அவர்தான். ஃபீனிக்ஸ் நகரில் உள்ள குன்றுக்கு அவர் பெயரைச் சூட்ட மாநில அரசு அந்த ஆண்டே முன்வந்தது. நல்ல செயல். ஆனால் அவர் இறந்த நாளில், அவர் ஊரைச் சுற்றியிருந்த நிலங்களில் பென்னெட் முடக்கம் அமலில்தான் இருந்தது. அதை நீக்க மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். சுமார் 71,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவஹோ பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. லாரியின் பின்புறம் டிரம்களை ஏற்றிக்கொண்டு பல மைல் போய்ப் பிடித்து வருகிறார்கள். கிணற்றை நம்பலாம் என்றால், அணு ஆயுதங்களுக்காக 1944 முதல் 1986 வரை தோண்டிய யுரேனியச் சுரங்கங்கள் 500-க்கும் மேல் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. பல கிணறுகளில் அதன் நஞ்சு கலந்திருக்கிறது. 1868 ஒப்பந்தப்படி தங்களுக்குத் தண்ணீர் உறுதிசெய்ய மத்திய அரசு கடமைப்பட்டது என்று நவஹோ அரசு வழக்குப் போட்டது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அப்படிக் கடமை ஏதும் இல்லை என்றது. நவஹோ மக்களுக்கு எதிராக அந்த நீதிமன்றத்தில் நின்ற தரப்புகளில் ஒன்று அரிசோனா மாநிலம். ஆம், ஆகஸ்ட் 14-ஐ விடுமுறையாக்கிய அதே மாநிலம்தான்.

பழங்குடிகளுக்குத் தனி அரசு இருக்கிறது, அவர்கள் மத்திய அரசின் பொறுப்பு, மாநில வருமான வரியும் கட்டுவதில்லை, பிறகு மாநிலம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வாதத்தில் பாதி உண்மை. நவஹோ நிலத்திலேயே வசித்து அங்கேயே சம்பாதிப்பவர்களுக்கு அந்த வரி இல்லை. ஆனால் ஃபிளாக்ஸ்டாஃபிலும் பேஜிலும் அவர்கள் வாங்கும் ஒவ்வொரு மூட்டை மாவுக்கும், டயருக்கும் பின்னால் அந்த ஊர்களின் வியாபாரம் இருக்கிறது. பொதுப் பள்ளிகள் மாநிலத்தின் கையில், தேர்தல் நடத்துவது மாவட்ட நிர்வாகங்களின் கையில். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் வழக்கில் எதிர்த் தரப்பாகப் போய் நின்ற மாநிலம், இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விவகாரம் என்று சொல்லவே முடியாது.

சட்டமன்றத்தில் நவஹோ குரல் ஒலிப்பதையும் அரிசோனா எளிதாக்கவில்லை. 2013 முதல் இரண்டு ஆண்டு கீழவையிலும், 2017 முதல் 2021 வரை செனட்டிலும் இருந்த பெஷ்லகாய், பிறகு மத்திய உள்துறையில் பணியேற்று விலகினார். கேமரனிலிருந்து தலைநகர் ஃபீனிக்ஸுக்குச் சுமார் 320 கிலோமீட்டர். உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் 24,000 டாலர். 1998-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட தொகை இன்றும் அதேதான். பயணப்படி தனியாக உண்டு என்றாலும், சொத்தோ சொந்த நிறுவனமோ இல்லாதவர் இந்தச் சம்பளத்தில் இரண்டு ஊரில் குடும்பம் நடத்த முடியாது.

வாக்காளர் நிலைமை அதைவிட மோசம். ஒருவரின் தபால் வாக்கை இன்னொருவர் எடுத்துச் சென்று சேர்ப்பதை, குடும்பத்தார், பராமரிப்பாளர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் குற்றமாக்கியது 2016-இல் வந்த மாநிலச் சட்டம். 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி எலினா ககன் ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டினார்: கிராமப்புற மாவட்டங்களில் வெள்ளையர்களில் 86 சதவீதத்தினருக்குத் தபால் வீடு தேடி வருகிறது, பூர்வகுடி வாக்காளர்களில் 18 சதவீதத்தினருக்கே வருகிறது. கதவிலக்கமே இல்லாத வீடுகளில் வாழும் மக்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது உறையைக் கொடுத்தனுப்புவது மோசடி அல்ல, ஒரே வழி.

முன்னாள் ராணுவத்தினர் என்பதால் இவர்களுக்குச் சலுகை காட்டச் சொல்லவில்லை. பெஷ்லகாய் சீருடை அணிந்தவர் என்பதால் அவர் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டும் என்பதும் நம் வாதமல்ல. துப்பாக்கி தூக்கியவருக்குத்தான் உரிமை என்று ஆகிவிட்டால், ஆடு மேய்க்கும் அவருடைய அண்டை வீட்டு மூதாட்டிக்கு என்ன பதில்? கேமரனில் இருக்கும் எவருக்கும் குழாயில் தண்ணீர் வர வேண்டும், வாக்குச்சீட்டு பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பதக்கம் தகுதி அல்ல.

வாய்ப்பு இப்போது கையிலேயே இருக்கிறது. நவஹோ, ஹோப்பி, சான் ஹுவான் தெற்குப் பையூட் இனங்களின் தண்ணீர் உரிமையைத் தீர்த்துவைக்கும் உடன்பாட்டுக்கு 2024-இல் நவஹோ மன்றம் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு நவம்பரில் அரிசோனா ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் கையெழுத்திட்டார். குழாய்களுக்கும் நிலையங்களுக்கும் 500 கோடி டாலர் கோரும் அந்த உடன்பாடு அமலாக, அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி நிதி ஒதுக்க வேண்டும். அரிசோனாவின் இரு கட்சி உறுப்பினர்களும் வாஷிங்டனில் ஒன்றாக நின்று அதை நிறைவேற்ற வேண்டும். மாநில சட்டமன்றம் தன் பங்குக்கு, தபால் வாக்குச் சட்டத்திலிருந்து பழங்குடி நிலங்களுக்கு இந்த ஆண்டே விலக்கு அளிக்க வேண்டும்.