புதிய நகரமும் போக்குவரத்துக் கணக்கும்

புதிதாக ஒரு நகரை அமைக்க முற்படுவோர் முதலில் வரைவது சாலைக் கோட்டையே. கட்டிடத்தை இடித்து வேறு கட்டலாம். சாலையின் போக்கை மாற்றுவது அரிது. நூறாண்டு கழிந்த பின்னும் மக்கள் அக்கோட்டின் வழியிலேயே நடமாட வேண்டியவராவர். ஆதலின், எத்தனை பேர், எங்கிருந்து எங்கு, எவ்வாறு செல்வர் என்பதை முன்கூட்டியே மதிப்பிடுதல் இன்றியமையாததாகும். இம்மதிப்பீட்டுக்கு உதவும் கணித அமைப்பே போக்குவரத்து மாதிரி எனப்படும்.

1950-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களில் நடைபெற்ற ஆய்வுகளில் இம்முறை உருப்பெற்றது. இதில் நான்கு படிகள் உண்டு. நகரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நாள்தோறும் எத்தனை பயணங்கள் புறப்படும் என்று காண்பது முதற்படி. அவை எவ்வட்டாரத்தைச் சென்றடையும் என்பது இரண்டாவது. வேலையும் கடையும் மிகுந்த இடம் பலரை ஈர்க்கும், தொலைவு கூடக் கூட ஈர்ப்புக் குறையும் என்பது இங்குக் கொள்ளப்படும் விதி. நடையா, சைக்கிளா, பஸ்ஸா, காரா என்பது மூன்றாவது. எச்சாலை வழியே என்பது நான்காவது.

இக்கணக்கு எவ்வளவு நுட்பமாயினும், அதில் இடப்படும் எண்களைவிட உயர்ந்ததாகாது. இன்னும் பிறவாத நகரில் எண்ணுவதற்கு மக்கள் இல்லை. எனவே எண்கள் பழைய நகரங்களிலிருந்தே பெறப்படுகின்றன. அங்கு எண்ணாமல் விடப்பட்டவருக்குப் புதிய நகரிலும் இடமில்லாமற் போகும் என்பதே இதிலுள்ள பேராபத்து.

இவ்விடுபாடு எவ்வாறு நேர்கிறது? சாலையின் கொள்ளளவைக் கணிக்கும் பொறியாளர் எல்லா வாகனங்களையும் கார் அலகாக மாற்றுவர். கார் ஒன்று எனில், சைக்கிள் ஏறத்தாழ அரை. பஸ் ஏறத்தாழ மூன்று. சாலையில் வாகனம் அடைக்கும் இடத்தை அளக்க இது தக்க அளவுகோலே. ஆனால் ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பஸ், தனித்தனியே மூவர் செல்லும் மூன்று கார்களுக்கு நிகராகிவிடுகிறது. நடந்து செல்பவருக்கோ இவ்வலகில் எண்ணே இல்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்குப் பயணம் செய்வோருள் நடந்து செல்வோர் பெருந்தொகையினர் என்றும், காரில் செல்வோர் மிகச் சிலரே என்றும் தெரியவந்தது. பெரும்பாலோரை விட்டுச் சிலரை மட்டும் எண்ணும் கணக்கை விஞ்ஞானம் என்று போற்றுதல் பொருந்தாது.

சாலையின் அகலத்தை மட்டும் பெருக்கினால் நெரிசல் தீரும் என்பதும் மெய்யன்று. நெரிசல் மிக்க நகரில் புதிய விரைவுச்சாலை அமைத்தால், வேறு வழியிலும் வேறு நேரத்திலும் சென்றவர்கள் அதனை நாடி வந்து நிரப்பிவிடுவர் என்பதை அமெரிக்க அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1962-இல் எடுத்துக்காட்டினார்.

நம் நாட்டிலேயே இரு படிப்பினைகள் உண்டு. சண்டீகரை வகுத்த லெ கொர்பூசியே சாலைகளை ஏழு வகையாகப் பிரித்து, ஏழாவதை நடப்போருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கினார். 800 மீட்டருக்கு 1200 மீட்டர் அளவுள்ள பகுதிகளுக்குள்ளேயே பள்ளியும் கடையும் அமைந்தன. சிறுவர் விரைவுச் சாலையைக் கடக்காமல் பள்ளி செல்லலாம். இது போற்றற்குரியது. ஆனால் தலைமைச் செயலகம் வடகோடியிலும், தொழிற்பேட்டை தென்கிழக்கிலும் அமைந்தமையால் பெரியவர்களின் வேலைப் பயணம் பகுதி எல்லைக்குள் அடங்கவில்லை. ஐந்து லட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பட்ட அந்நகரைக் கொண்ட ஒன்றியப் பிரதேசத்தில் 2011-இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நவி மும்பையை அமைக்கும் ஸ்தாபனம் 1970-இல் தோன்றியது. மும்பையிலிருந்து வாஷிக்கு ரயில் வந்ததோ 1992-இல். வீடு முந்தி, ரயில் பிந்தினால், இடைக்காலத்தில் குடியேறியவர் வேறு வழி தேடிக்கொள்வதன்றி வேறென் செய்வர்?

ஆகவே மாதிரியிடம் முதற்கண் கேட்கத்தக்க வினா, சாலை எவ்வளவு அகலம் வேண்டும் என்பதன்று. வீட்டையும் வேலையையும் பள்ளியையும் எங்கு வைத்தால் பயணம் குறுகும், பஸ்ஸும் ரயிலும் எப்போது வர வேண்டும் என்பதே. அடுத்துக் கேட்க வேண்டியது, மக்கள் தொகை இரட்டித்தால் இவ்வமைப்பு தாங்குமா என்பது.

இப்பணியில் களப் பணியாளரின் பொறுப்பு பெரிது. சந்திப்பில் நின்று எண்ணும்போது மோட்டார் வாகனங்களோடு நடப்போரையும், சைக்கிளில் செல்வோரையும், பஸ்ஸில் உள்ளோரையும் தலைக்கணக்காகக் குறித்தல் வேண்டும். ஆசிரியர்களும் தம் மாணவர் எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வழியே, எம்முறையில் வருகின்றனர் என்று வகுப்பிலேயே எண்ணச் செய்து படம் வரைவிக்கலாம். கணிதப் பாடமாகவும் அமையும்; நகரமைப்போருக்கு நம்பத்தக்க சான்றாகவும் பயன்படும். எண்ணப்பட்டவருக்கே வரைபடத்தில் வழி பிறக்கும்.