ஆறு வயதுவரை காத்திருக்க வேண்டுமாம்!

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்திலே, கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போகும் தாய் காலையில் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டுப் போகிறாள். அங்கே சோறு உண்டு, முட்டை உண்டு, பாட்டு உண்டு, கூடி விளையாடப் பத்துப் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கால் ஊன்றவில்லை, காது கேட்கவில்லை, மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால்? பிள்ளை பாட்டியோடு திண்ணையில் கிடக்கிறது. பாட்டியும் கூலிக்குப் போகிற வீடானால் தாய் வேலையை விடுகிறாள். வீட்டில் ஒரு கூலி நின்றுபோகிறது. "இதை இங்கே யார் பார்த்துக்கொள்வது?" என்று மையத்தில் ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும், மறுநாள் அந்தத் தாய் அந்தப் பக்கமே வருவதில்லை.

யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதி இது என்று ஒதுக்கிவிட முடியாது. 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே இந்தியாவில் ஆறு வயதுவரையுள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் 20 லட்சத்துக்கும் மேல் என்று எழுதப்பட்டது. வெட்கப்பட்டு மறைக்கப்பட்ட பிள்ளைகள் அந்தக் கணக்கிலே வந்திருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு, 14 வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. எந்த வயதிலிருந்து என்று கீழே கோடு கிழிக்கவில்லை. 2002-ல் 86-வது திருத்தம் வந்தது. கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று, வரவேற்றோம். ஆனால் உரிமை 6 முதல் 14 வரைதான்! அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 'அரசு முயலும்' என்ற வாசகம் மட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ம் ஆண்டுச் சட்டம் 18 வயதுவரை இலவசக் கல்வி என்றது. அதிலும் கீழ்வரம்பு இல்லை. அதன் இடத்துக்கு வந்த 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்ட நல்ல சட்டம்தான். ஆயினும் அதன் 31-வது பிரிவு 6 முதல் 18 வரை என்றே எழுதிவிட்டது. மேலே கொடுத்த கை கீழே பறித்துக்கொண்டது என்று சொன்னால் தவறா?

பிள்ளையின் உடம்பு சட்டப் புத்தகத்தைப் பார்த்து வளர்வதில்லை. வளைந்த பாதத்தோடு பிறந்த சிசுவுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டுவந்தால், பெரிய அறுவைச் சிகிச்சை இல்லாமலே பெரும்பாலும் நேராக்கிவிடலாம். காது கேளாத பிள்ளைக்குப் பேச்சு வருவதற்குரிய காலம் முதல் சில ஆண்டுகள்தான். அதனால்தான் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் காதுக்குள் கருவி பொருத்தும் சிகிச்சையை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென வைத்திருக்கிறது. கொடுமையைப் பாருங்கள்: சிகிச்சைக் கதவு மூடும் அதே வயதில்தான் கல்வி உரிமைக் கதவு திறக்கிறது! இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இதற்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறதே" என்று சொல்லக்கூடியவர் யார்? பால்வாடிப் பணியாளர்தான். பிள்ளை அங்கே வந்தால்தானே அவர் பார்ப்பார்?

'முன் வினை' என்று சொல்லிப் பெற்றவள் வாயை அடைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இளம்பிள்ளை வாதத்தையும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். வீடு வீடாகச் சொட்டு மருந்து போயிற்று. 2011 சனவரிக்குப் பிறகு இந்நாட்டில் இயற்கையாகப் பரவும் அந்த நோய்க் கிருமி ஒரு குழந்தையையும் முடக்கவில்லை. வினை எங்கே போயிற்று? சொட்டு மருந்துக்காகக் குடிசை குடிசையாக ஏறி இறங்கிய நாடு, நடக்க முடியாத பிள்ளை எந்தத் திண்ணையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதா?

திட்டங்கள் இல்லாமலில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை பால்வாடிக்கு வரவேண்டும். 2023 நவம்பரில் மத்திய அரசு, அங்கன்வாடிகளில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைச் சேர்ப்பதற்கென்றே நெறிமுறை வெளியிட்டது. குறையை முன்னதாகக் கண்டறி, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவை, மருத்துவத்துக்கு அனுப்பு என்பது அதன் சாரம். நன்று! ஆனால் இத்தனையும் செய்யப்போவது யார்? எடை பார்ப்பதும், பதிவேடு எழுதுவதும், செல்போனில் கணக்கு ஏற்றுவதும், கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் போதாதென்று, பக்கத்து ஊர் மையத்தையும் 'பொறுப்பு' என்று தலையில் சுமக்கும் அந்தப் பெண்தானே? அவருக்கு மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்தது 4,500 ரூபாய். அதற்குச் 'சம்பளம்' என்று பெயர்கூட இல்லை, 'மதிப்பூதியம்'. பணிக்கொடை அவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்புப் பெற 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. ஆகவே, பிள்ளையைச் சேர்க்கவில்லை என்று அந்தப் பெண்ணோடு சண்டைக்கு நிற்பது நம் வேலையல்ல. அவருக்குத் துணையாள் கேட்பதும், பயிற்சி கேட்பதும்தான் நம் வேலை.

"இப்படிப்பட்ட பிள்ளை வந்தால் மற்றப் பிள்ளைகள் படிப்புக் கெடும்" என்பார் சிலர். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன ஐயா படிப்பு? பாட்டும் கதையும் மணலும்தானே! இத்தாலி நாட்டில் 1977-லேயே சட்டம் செய்து தனி வகுப்புகளை எடுத்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளையும் ஒரே வகுப்பில் என்றார்கள். அங்கே யார் படிப்பும் அழிந்துபோகவில்லை. தவிர, திண்ணையில் தனியே கிடக்கும் பிள்ளையை 'அது' என்று சொல்லப் பழகும் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன கல்வி கிடைக்கிறது என்றும் யோசிக்க வேண்டாமா?

கீழ்பென்னாத்தூர், சோமாசிபாடி, வேட்டவலம் பக்கத்துத் தோழர்களுக்குச் சொல்கிறோம். உங்கள் தெருவில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பால்வாடிக்குப் போகாமல் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். தாயிடம் போய்ப் பரிவோடு பேசுங்கள். அடுத்த கிராம சபையில் மூன்றே கேள்விகள் எழுப்புங்கள்: மருத்துவக் குழு கடைசியாக எந்தத் தேதியில் நம் மையத்துக்கு வந்தது? அது திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள்? பஸ் ஏற முடியாத பிள்ளைக்கு வண்டி யார் தருவது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மையத்து வாசலில் சாய்தளம் இல்லையென்றால் அதற்கு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரின் அரை நாளும் போதும். கொத்தனார்கள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள்.