பாலையில் பிழைக்கும் கல்வி

கத்தியும் கயிறும் சிக்கிமுக்கிக் கல்லும் அடங்கிய ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மனித சஞ்சாரமற்ற வறண்ட பிரதேசங்களுக்குச் சென்று, நாலைந்து நாள் அங்கே தங்கிப் பிழைத்து வரும் வித்தையைப் பயில வேண்டும் என்ற ஆவல் நம் வாலிபர்கள் பலரிடம் இன்று காணப்படுகிறது. அந்த ஆவலை நான் குறை கூற மாட்டேன். குழாயைத் திருகினால் ஜலமும் பொத்தானை அழுத்தினால் காற்றும் கிடைக்கும் வாழ்க்கையில் பிறந்து வளர்ந்தவர்கள், வெயிலும் மணலும் அன்றி வேறொன்றும் இல்லாத இடத்தில் தங்கள் தேகத்தின் பலம் எவ்வளவு, பலவீனம் எவ்வளவு என்று அறிய விரும்புவது நல்ல காரியமே. ஆனால், அவ்வித்தையைப் போதிப்பதாகச் சொல்லும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், கற்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ கற்கிறார்களே என்ற கவலை எனக்கு உண்டாகிறது. வறண்ட நிலத்தை ஒரு பகைவனாகப் பாவித்து, அதை ஒரு வீரன் தனியொருவனாக எதிர்த்து வெல்வதாகவே அவை சித்திரிக்கின்றன. அவ்வாறு எண்ணிப் புறப்பட்டவர்களுக்கு நேர்ந்த கதி என்ன என்பதற்கு ஆஸ்திரேலிய தேசத்தின் சரித்திரத்தில் ஒரு விருத்தாந்தம் இருக்கிறது.

1860-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 20-ஆம் தேதி, மெல்போர்ன் நகரத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடி நின்று ஆரவாரம் செய்ய, ராபர்ட் ஓஹாரா பர்க் என்பவரின் தலைமையில் ஒரு கூட்டம் புறப்பட்டது. அக்கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே கடந்து, கார்ப்பெண்டேரியா வளைகுடாவை அடைவது அவர்களுடைய நோக்கம். வழியோ ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். இந்தியாவிலிருந்து தருவித்த ஒட்டகங்கள், குதிரைகள், பல டன் எடையுள்ள உணவுப் பொருள்கள், மேஜை நாற்காலிகள் முதற்கொண்டு சகல சம்பாரங்களும் அவர்களிடம் இருந்தன. தலைவரான பர்க், தைரியசாலியான போலீஸ் அதிகாரி. ஆயினும், வனாந்தரத்தில் வசித்த அனுபவம் அவருக்கு இல்லை. உதவித் தலைவரான வில்லியம் ஜான் வில்ஸ் நட்சத்திரங்களைப் பார்த்துத் தாம் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் கணிக்க வல்லவர். எங்கே நிற்கிறோம் என்பதை அவர் அறிவார்; நிற்கும் இடத்தில் எதைத் தின்னலாம் என்பதைத்தான் அறியார்.

கூப்பர் ஓடை என்னும் இடத்தில் ஒரு தங்குமிடம் அமைத்து, சிலரை அங்கே காவல் வைத்துவிட்டு, பர்க், வில்ஸ், ஜான் கிங், சார்லஸ் கிரே ஆகிய நால்வர் மட்டும் டிசம்பர் 16-ஆம் தேதி வடதிசை நோக்கிச் சென்றனர். அதாவது, அந்நாட்டின் கோடை உச்சத்தை நெருங்கும் காலத்தில். வளைகுடாவின் சமீபம் வரையில் சென்று திரும்புகையில் கிரே மாண்டார். களைத்துப்போன மூவரும் ஒரு நாள் முழுவதும் செலவழித்து அவருக்குக் குழி தோண்டினார்கள். 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி மாலை அவர்கள் கூப்பர் ஓடையை வந்தடைந்தபோது தங்குமிடம் வெறிச்சோடிக் கிடந்தது. மூன்று மாதம் காத்திருக்கும்படி சொல்லப்பட்ட காவற்காரர்கள் நான்கு மாதம் காத்திருந்து, அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தார்கள். ஒரு மரத்தில் 'தோண்டு' என்ற சொல்லை அவர்கள் செதுக்கி வைத்திருந்தனர். அதனடியில் கொஞ்சம் உணவு புதைக்கப்பட்டிருந்தது. அம்மரம் இன்றும் நிற்கிறது.

துரதிருஷ்டம் என்று சொல்லி இந்த இடத்தில் பெருமூச்சு விடுபவர்கள், இதற்கு அப்பால் நடந்ததைக் கவனிப்பதில்லை. மூவரும் புதையலை எடுத்துக்கொண்டு, தாங்கள் வந்து சென்றதற்கு ஒரு கடிதம் எழுதி, அதைக் குழிக்குள்ளேயே புதைத்து, முன்பிருந்தபடியே மண்ணை நிரவிவிட்டுத் தென்மேற்கே மவுண்ட் ஹோப்லெஸ் என்னும் குன்றை நோக்கிப் போனார்கள். மரத்தில் புதிதாக ஒரு கீறலும் இடவில்லை. சில நாள் கழித்து மனம் கேளாமல் திரும்பி வந்த காவற்காரர் பிராஹே, எல்லாம் தாம் விட்டுச் சென்றபடியே இருப்பதைக் கண்டு, ஒருவரும் வரவில்லை என்று தீர்மானித்துச் சென்றுவிட்டார். அதே ஓடையின் கீழ்ப்போக்கில், வெகு தொலைவில் அல்லாத ஓரிடத்தில், மூவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். மரப்பட்டையில் ஒரு அம்புக்குறி செதுக்க ஐந்து நிமிஷம் போதும்.

அவர்கள் தாகத்தால் சாகவில்லை என்பதை வாசகர்கள் முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டும். கூப்பர் ஓடையில் மடுக்கள் இருந்தன. மடுக்களில் மீன் இருந்தது. அதன் கரைகளில் யாண்ட்ருவாந்தா என்னும் ஆதிக்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தி வந்தார்கள். வந்தவர்கள் பசித்திருப்பதைக் கண்டு அம்மக்கள் மீனும், 'நார்டூ' என்னும் மாவினால் செய்த அடையும் கொடுத்தார்கள். நார்டூ என்பது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் வயல் வரப்புகளிலும் குளக்கரைகளிலும் நான்கு இலைகள் சேர்ந்து முளைக்கும் ஆரைக்கீரையின் நெருங்கிய உறவினம் அது. நாம் இலையைச் சமைக்கிறோம். அவர்கள், நீர் வற்றியபின் சேற்றில் தங்கும் விதை போன்ற வித்துக்கூடுகளைப் பொறுக்கி மாவாக்கினார்கள். அந்தக் கருணை நெடுநாள் நீடிக்கவில்லை. கூடாரத்துப் பொருள் ஒன்றை ஒருவன் எடுத்தான் என்பதற்காகப் பர்க் துப்பாக்கியை எடுத்துச் சுட்டு வெருட்டினார். அம்மக்கள் விலகிப் போனார்கள். அதன் பிறகு மூவரும் நார்டூவைத் தாங்களே பொறுக்கி, தாங்களே இடித்து, தங்களுக்குத் தோன்றிய வண்ணம் கரைத்து உண்ணத் தொடங்கினார்கள்.

இங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. நார்டூவில், தயமின் எனப்படும் 'பி1' வைட்டமினைச் சிதைக்கும் ஒருவகை நொதி மிகுதியாக உண்டு. ஆதிக்குடிப் பெண்கள் அதை நீர் விட்டுக் கல்லில் அரைத்து, பக்குவம் செய்து, சாம்பலில் சுட்டு எடுப்பார்கள். மீன் முதலிய பிற உணவோடு சேர்த்தே அது உண்ணப்பட்டது. அந்தப் பக்குவத்தின் காரணத்தை அவர்கள் ரசாயன பாஷையில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், எப்படிச் செய்தால் உடம்புக்கு ஒவ்வும், எப்படிச் செய்தால் ஒவ்வாது என்பதைப் பாட்டி மகளுக்கும் மகள் பேத்திக்கும் கைப்பழக்கமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். பர்க்கின் கூட்டம் பொருளை மட்டும் பெற்றுக்கொண்டது, பக்குவத்தைப் பெறவில்லை. வயிறு நிறைய உண்டும் கால்கள் வலுவிழந்து போவதை வில்ஸ் தம் நாட்குறிப்பில் பொறுமையோடு எழுதி வைத்தார். அது நம் நாட்டில் பெரிபெரி என்று அறியப்பட்ட நோயை ஒத்த நிலை என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஜூன் மாதம் முடியும் தறுவாயில், வில்ஸும் பர்க்கும் ஒருவர் பின் ஒருவராக, நீர் நிரம்பிய ஓடைக்கரையிலே மடிந்தார்கள்.

ஜான் கிங் பிழைத்தார். அவர் தலைவரும் அல்லர், வானசாஸ்திரம் கற்றவரும் அல்லர்; இந்தியாவில் சிப்பாயாக இருந்துவிட்டு ஒட்டகங்களோடு வந்து சேர்ந்தவர். தனியாக மிஞ்சிய அவர், யாண்ட்ருவாந்தா மக்களைத் தேடிப் போய் அவர்களிடமே சேர்ந்துகொண்டார். அவர்கள் முதலில் அவரை ஒரு சுமையாகவே எண்ணினார்கள். அவர் காக்கைகளையும் பருந்துகளையும் சுட்டு அவர்களுக்குக் கொடுத்தார். கையில் புண்ணாகி வருந்திய ஒரு பெண்ணுக்குத் தம்மால் இயன்ற சிகிச்சை செய்தார். பர்க்கின் உடல் கிடந்த இடத்தை அவர் காட்டியபோது, தங்களைச் சுட்டு வெருட்டிய அந்த மனிதருக்காக அம்மக்கள் அழுது, உடலைத் தழைகளால் மூடினார்கள் என்று அவரே பின்னர் கூறினார். இரண்டரை மாதத்திற்குப் பின், செப்டம்பர் 15-ஆம் தேதி, ஆல்பிரட் ஹோவிட் என்பவர் தலைமையில் தேடி வந்தவர்கள் அவரை உயிரோடு கண்டெடுத்தார்கள். அதே நிலம், அதே ஓடை, அதே நார்டூ. பர்க் சுடுவதற்குத் துப்பாக்கியை எடுத்தார். கிங் கேட்பதற்கு வாயைத் திறந்தார். இருவருடைய கதியும் வேறானதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் அறியேன்.

விஞ்ஞானம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், எட்வர்ட் அடால்ஃப் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர், கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் போர்வீரர்களைக் கொண்டு விரிவான ஆராய்ச்சிகள் நடத்தி, 1947-இல் அவற்றை நூலாக வெளியிட்டார். கடும் வெயிலில் நடக்கும் மனிதன் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும், வேர்வையாக இழக்கிறான். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை இழக்கும் நிலைக்கு வந்தவனால் தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாது. நீரைக் குப்பியிலே வைத்துச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பதனால் ஆயுள் நீளுவதில்லை. சிக்கனப்படுத்த வேண்டியது நீரை அன்று, வேர்வையை. சட்டையைக் கழற்றாமல், நிழலில், அசையாமல் உட்கார்ந்திருந்து, சூரியன் சாய்ந்த பின்னர் நடப்பவனே அதிக நாள் உயிர் வாழ்வான். வெந்த மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்ஷியசுக்கும் மேல் காய்கிறது. ஆகையால், தரையில் நேரே படுக்காமல் ஏதேனும் ஒன்றின் மீது அமர்வதும், ஓரளவு தோண்டி அடிமண்ணின் குளிர்ச்சியை நாடுவதும் நன்மை தரும். ஆடு மேய்ப்பவர்கள் நண்பகலில் மரத்தடியை விட்டு அகலாததன் நியாயத்தைத்தான் அடால்ஃப் அளந்து பார்த்து எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிளாஸ்டிக் விரிப்பைக் குழியின் மேல் கட்டி ஜலம் இறக்கும் உபாயத்தைப் பல முகாம்களில் பெருமையோடு செய்து காட்டுகிறார்கள். ஈரமற்ற மண்ணில் அந்தக் குழியைத் தோண்டச் சிந்தும் வேர்வை, அதிலிருந்து கிடைக்கும் நீரை விட அதிகமாகவே இருக்கும். கள்ளியை வெட்டிப் பருகுவதும் இத்தகையதே. பெரும்பாலான கள்ளிகளின் சாறு வயிற்றைப் புரட்டும், சிலவற்றின் பால் கண்ணைக் கெடுக்கும். இவற்றை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

நம்மிடமும் இந்தக் கல்வி உண்டு. மழை பொய்த்த காலங்களில், ராமநாதபுரத்துச் சீமையிலும் அதைச் சுற்றிய வறண்ட பகுதிகளிலும், வற்றிய ஆற்றின் மணலில் ஊற்றுத் தோண்டி நீர் சேந்தும் பெண்களைக் காணாதவர் அப்பக்கத்தில் இருக்க மாட்டார்கள். மணற்பரப்பு முழுவதும் ஒன்றுபோலவே நம் கண்ணுக்குத் தோன்றும். இன்ன வளைவில் தோண்டினால் நீர் சுரக்கும், இன்ன இடத்தில் தோண்டினால் உவர்க்கும் என்று அவர்கள் தயக்கமின்றிச் சொல்வார்கள். முதலில் ஊறும் கலங்கலை இறைத்து விட்டுவிட்டு, தெளிந்து வரும் வரை பேசாமல் காத்திருந்து, சிரட்டையால் அலுங்காமல் முகந்து ஊற்றுவார்கள். இதற்கு ஒரு பாடப்புத்தகம் எழுதப்படவில்லை. அவர்களை ஆசிரியைகள் என்று எவரும் அழைத்ததுமில்லை. பாலையைத் தனியொரு நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் கோடையில் திரிந்து அடையும் நிலையாகக் கொண்ட மரபு நம்முடையது. நம் ஊரும் ஓர் ஆண்டு பாலையாகலாம் என்பதை அறிந்த மரபில் வந்த நாம், அந்த அறிவுடையோரைக் கூலிக்கு மண் சுமப்பவர்களாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோமே என்று நான் வருந்துகிறேன்.

இத்தகைய முகாம்களை நடத்தும் நண்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. நீங்கள் எந்த நிலத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறீர்களோ, அந்த நிலத்தில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரையாவது ஆசிரியராக நியமியுங்கள். மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தையே அவருக்கும் கொடுங்கள். முதல் நாள் முழுவதும் அவர் பேசட்டும், மாணவர்கள் கேட்கட்டும். கத்தியை இரண்டாம் நாள் எடுத்தால் போதும்.

ஆஸ்திரேலியாவில் குடியேறியிருக்கும் நம்மவர்கள் விடுமுறையில் குழந்தைகளோடு உட்பிரதேசங்களுக்குக் காரில் செல்வது இப்போது சகஜமாகிவிட்டது. அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். போகும் வழியையும் திரும்பும் நாளையும் பொறுப்புள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். வேண்டியதற்கு மேல் நீர் எடுத்துச் செல்லுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். வானத்திலிருந்து தேடுபவர்கள் கண்ணுக்கு மனிதன் தெரிவதற்கு முன் வண்டி தெரியும். வேறு வழியின்றி அகல நேர்ந்தால், எந்தத் திசையில், எந்த நேரத்தில் போனீர்கள் என்பதை எவரும் காணும்படி எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அதை மண்ணுக்குள் புதைத்துவிடாதீர்கள்.