பணிவும் வாய்மூடலும்

ஒரு நிறுவனத்தில் அறிவு இல்லாமையால் விளையும் கேட்டினும், இருக்கும் அறிவு உரியவரைச் சென்றடையாமையால் விளையும் கேடே பெரிது.

1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதைந்தது, எழுவர் மாண்டனர். கடுங்குளிரில் இரப்பர் வளையங்கள் இறுகிப் பயனற்றுப் போகலாமென்று முதல்நாள் இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தனர். மேலாளர்கள் அதனைப் புறந்தள்ளினர். ஏவுமாறு இறுதி முடிவெடுத்த உயர் அலுவலர்களோ அவ்வெதிர்ப்பை அறியவே இல்லை என விசாரணைக் குழு கண்டது. 2003இல் கொலம்பியா விண்கலமும் எழுவருடன் அழிந்தபோது, நிறுவனத்தின் பண்பாடும் காரணமென்றே ஆய்வுக்குழு உரைத்தது.

இஃது அயலார் குறை மட்டுமன்று. ஒருமுறை நான் நடத்திய பாடத்தில் ஒரு பிழை நேர்ந்தது. அதனை அப்போதே உணர்ந்த மாணவர், தேர்வு முடிந்த பின்னரே என்னிடம் கூறினார். காரணம் வினவினேன். "உங்களிடம் எப்படி ஐயா சொல்வது?" என்றார். அவ்வினா இன்றும் என்னைச் சுடுகிறது.

பெரியோர்முன் பணிதல் நற்பண்பே. ஆயினும், தவறு கண்டும் வாய்மூடி நிற்பது பணிவன்று, அச்சம். அவ்வச்சத்தை நீக்கும் கடமை மூத்தோராகிய நமக்கே உரியது. நம் கூட்டங்களில் இனி இளையோரே முதலில் பேசட்டும். நாம் இறுதியில் பேசுவோம்.