ஒரு நிலையம் முன்னதாக

பாரிசுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் எழுதும் பயணக் கட்டுரைகள் குறித்து எனக்கொரு மனக்குறை உண்டு. ஈஃபில் கோபுரத்திற்காக எல்லாரும் பீர்-ஆக்கேம் மெட்ரோ நிலையத்தில் இறங்குகிறார்கள். ஆறாம் தடத்தில் அதற்கு அடுத்திருக்கும் நிலையத்தின் பெயர் துய்ப்ளே. பக்கத்திலேயே புதுச்சேரியின் பெயரில் ஒரு சிறு தெருவும் இருக்கிறது. அங்கு இறங்கியதாக எவரும் எழுதி நான் வாசித்ததில்லை.

கிளியனூர்ப் பக்கத்திலிருந்து போகிறவருக்கு அது அந்நியப் பெயரா என்ன? துய்ப்ளே 1742 முதல் 1754 வரை புதுச்சேரியின் ஆளுநர். மரக்காணத்து உப்பளங்களுக்கு வடக்கே கடலோரம் சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது அவர் காலத்தில்தான். 1760இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி இடித்தனர். திருப்பி அழைக்கப்பட்ட துய்ப்ளே 1763இல் பாரிசிலேயே கடனாளியாக இறந்தார். அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான் இன்று அவரைவிட அதிகம் படிக்கப்படுகிறது.

அந்த நாட்குறிப்பின் பிரதி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. எடுத்துச் சேர்த்தவர் எதுவார் அரியேல். புதுச்சேரியில் பணிபுரிந்த அதிகாரி, குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தவர், 1854இல் புதுச்சேரியிலேயே மறைந்தவர். அவர் திரட்டிய தமிழ்ச் சுவடிகளும் அந்நூலகத்திற்கே போய்ச் சேர்ந்தன. காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்ற ழூலியன் வேன்சோன் பின்னாளில் பாரிசில் தமிழ்ப் பேராசிரியரானார். அவருக்கும் உ.வே.சா.வுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பழைய ரிஷ்லியூ கட்டடம் நீண்ட சீரமைப்புக்குப் பின் 2022இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பொறியியலோ மேலாண்மையோ படிக்கும் பிள்ளைக்குச் சுவடி எதற்கு என்று கேட்கலாம். ஈஃபில் கோபுரம் மட்டும் எதற்காம்?

நூலகத்தையாவது மன்னித்துவிடலாம். லா ஷப்பேலைத் தவிர்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வடக்கு ரயில் நிலையத்திற்குப் பின்னால், ஃபோபூர் சேன்-தெனி தெருவின் வடகோடியில், 1983க்குப் பின் அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைக்கும். ‘அந்தப் பக்கம் ரொம்பப் போகாதே’ என்று மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்களாம். படிக்க வந்தவர்கள் பாத்திரம் கழுவ வந்தவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டுவிடக் கூடாதென்ற கூச்சம்தான் இதற்குக் காரணம் என்பது என் துணிபு. ஆனால் இந்தக் கால்நூற்றாண்டில் தமிழ்ப் புனைகதைக்கு பாரிஸ் அளித்த வளம் பல்கலைக்கழக வளாகங்களிலிருந்து வரவில்லை. உணவகங்களின் பின்கட்டில் உழைத்த ஷோபாசக்தி ‘கொரில்லா’வை எழுதினார், 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற ‘தீபன்’ படத்தின் நாயகனும் அவரே. கலாமோகனும் ‘எக்ஸில்’ இதழும் அந்த நகரத்தவைதாம்.

லா ஷப்பேல் மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியை ஒட்டி அத்தெருக்களில் ஓடுகிறது; சாலையில் குவித்துவைத்துச் சிதறுகாய் உடைக்கிறார்கள். புதிதாகச் சேரும் மாணவர்கள் ஊரிலிருந்து பெட்டியோடு வந்திறங்குவதும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான்.