விடுமுறை இல்லாத பெற்றோர்



கோடை விடுமுறை தொடங்கியதும் நம் மஹல்லாக்களில் தீனிய்யாத் வகுப்புகள் களைகட்டுகின்றன. பள்ளிக்கூடம் மூடும்போது மக்தப் திறக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ பள்ளிக்கூடமும் மூடிவிடுகிறது. மக்தபின் கதவும் பெரும்பாலும் திறப்பதில்லை. அந்த வாரங்களின் முழுச் சுமையும் பெற்றோர் மீது, குறிப்பாகத் தாயின் மீது, விழுகிறது.

இக்குழந்தைகளுள் பலருக்கு அன்றாட ஒழுங்கே ஊன்றுகோல். பள்ளி வண்டி, மணியோசை, பழகிய ஆசிரியர், பயிற்சி நேரம் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் நின்றுவிட்டால் அவர்கள் கலங்குகின்றனர், உறக்கம் கெடுகிறது. நம் திருவண்ணாமலையில் சித்ரா பௌர்ணமியும் இப்பருவத்தில்தான் வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையெங்கும் மக்கள் வெள்ளம், ஊரெங்கும் இரைச்சல். ஒலியைத் தாங்க இயலாத குழந்தையை வைத்திருக்கும் குடும்பம் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறது.

அத்தாயைச் சந்திக்கும்போது நாம் கூறுவது என்ன? "சப்ர் செய்யுங்கள், சுவனம் கிடைக்கும்." சொல் உண்மையானதே. எனினும், சுமையில் கை கொடுக்காதவர் கூறும் சப்ர் உபதேசம் ஆறுதலாகாது. கண்ணேறு என்றும் வளர்ப்புக் குறை என்றும் கூறுவோர் அந்த ஆறுதலையும் பறித்துவிடுகின்றனர். ஆட்டிசம் பெற்றோரின் வளர்ப்பால் வருவதன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் அதுவும் ஒன்று.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட எண்ணி நின்றபோது, குழந்தையின் அழுகுரல் கேட்டுச் சுருக்கிக்கொண்டார்கள். தாயின் மனவேதனையே அதற்குக் காரணம் என்று புகாரீ, முஸ்லிம் நூல்கள் அறிவிக்கின்றன. அழும் குழந்தையை வெளியே கொண்டுபோகச் சொல்லவில்லை. ஜமாஅத்தே அந்தத் தாய்க்காகத் தன் தொழுகையைச் சுருக்கியது. அறிவில் சற்றுக் குறைபாடுள்ள ஒரு பெண் தமக்கொரு தேவை இருப்பதாகக் கூறியபோது, அவர் விரும்பும் தெருவுக்கே சென்று அத்தேவையை நிறைவேற்றியதையும் முஸ்லிம் நூலில் காண்கிறோம். அவர்கள் காட்டிய வழி, தேவையுடையோரை நாடிச் செல்வதாகும்.

பள்ளிவாசலின் அமைதி குலையும் எனச் சிலர் தயங்கலாம். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுத நபியின் உம்மத் நாம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் இவ்விடுமுறையில் மூன்றைச் செய்யலாம். மஹல்லாவில் இத்தகைய குடும்பங்கள் எவை எனக் கண்ணியத்துடன் கேட்டறியலாம். மதரஸாவில் ஒலிபெருக்கி இல்லாத ஓர் அறையை, வாரத்தில் இரு நாள்களேனும், குறித்த அதே நேரத்தில் அக்குழந்தைகளுக்கென ஒதுக்கலாம். தாய் அருகிலிருந்து பழக்கிவிட்டபின், குழந்தை அறிந்த ஒரே ஆள் தொடர்ந்து கவனித்துக்கொள்ள வேண்டும். அந்த இரு மணி நேரத்தில் தாய் உறங்கலாம், ஓதலாம், தம்மைப் போன்ற மற்றொரு தாயுடன் மனம்விட்டுப் பேசலாம். மூன்றாவதாக, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை பெற விவரமறிந்த ஒருவர் துணை செல்லலாம்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. நேரம் ஒதுக்கும் உள்ளங்களே தேவை. எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்று ஓதும் நாம், அப்பெற்றோரின் சுமையில் நம் பங்கைத் தட்டிக்கழிக்கலாகாது.

வல்ல அல்லாஹ் அப்பெற்றோரின் உள்ளங்களுக்கு அமைதியையும், நமக்கு அவர்களுக்குத் துணை நிற்கும் தௌஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.