ஊறு செய்யாத ஊறு

ஊறு என்னும் சொல் தமிழில் இரு பொருள் பயந்து நிற்கும். தொட்டறியும் உணர்வும் ஊறு, துன்பமும் ஊறு. ஐம்புலன்களைத் தொகுத்துரைத்த வள்ளுவர் முதற்பொருளில் இச்சொல்லை ஆண்டார். உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியர், தொட்டறிதலையே முதல் அறிவாக வைத்தார். மருத்துவர் கையில் இவ்விரு பொருளும் எத்துணை நெருங்கி நிற்கின்றன என்பதை யான் ஏட்டிலன்று, நோய்ப்படுக்கையிலே கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலுற்றுக் கிடந்தபோது, பயிற்சி பெறும் இளைஞர் ஒருவர் குருதி எடுக்க வந்தார். அவர் என்னிடம் தமிழ் பயின்றவர். மும்முறை ஊசி நுழைந்தும் நாளம் அகப்படவில்லை. "ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றவரின் விரல்கள் நடுங்கின. அவர்பால் நூலறிவுக்குக் குறைவில்லை. பிழைத்துப் பழகுவதற்கு நோயாளியின் கையன்றி வேறிடம் அவருக்கு வாய்க்கவில்லை, அவ்வளவே.

அவ்விடத்தை ஆக்கித் தரும் பொறிகள் இன்று உள. மாணவர் கண்ணாடி ஒன்றை அணிகின்றார். எதிரே கிடப்பது வெறும் பாவை. கண்ணாடி வழியே நோக்கின் எலும்பும் நாளமும் அதன்மேல் உரிய இடத்திற் படிந்து தோன்றும். இதனை மிகைமெய் என்பர் சிலர். கையிற் பற்றிய பிடியையோ நுண்ணிய மோட்டார்கள் எதிர்த்துத் தள்ளும். ஊசி தோலைத் துளைக்குமுன் எழும் தடையும், நாளத்தின் சுவரைக் கடந்ததும் அத்தடை சட்டென நெகிழ்வதும் விரலுக்குப் புலனாகும். கண்ணை நம்பவைக்க நொடிக்கு 30 முதல் 60 படங்கள் போதும். விரலை நம்பவைக்க, விசையை நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை கணித்தளித்தல் வேண்டும். கண்ணை ஏய்த்தல் எளிது. மெய்யை ஏய்த்தல் அரிது.

இவை மேனாட்டுக்கே உரியன அல்ல. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே பேராசிரியர் மணிவண்ணன் தொடுகை ஆய்வகம் ஒன்றை நடத்தி வருகின்றார். அக்கழகத்தின் அரவணைப்பில் எழுந்த மெர்கல் ஹாப்டிக்ஸ் என்னும் நிறுவனம், தோலில் தொடுகையுணரும் நுண்கலங்களின் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

"பாவையைத் தொட்டுப் பழகியவன் மனிதனைத் தொட அறிவானோ?" என நண்பர் ஒருவர் வினவினார். நல்ல வினா. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலிலே விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஏட்டையும் எழுத்தாணியையும் தொட்டனர். மணலிற் பிழைத்தால் அழித்தெழுதலாம். ஏட்டிற் கீறிய பிழை அழியாது. இப்பொறி மருத்துவ மாணவரின் மணல், ஏடு அன்று. நோயாளி முகஞ்சுளிப்பதைக் கண்டு கையைத் தளர்த்தும் பரிவை ஆசானும் நோயாளியுமே கற்பிக்க வல்லார். ஆயினும், மணலிற் பழகாதவனிடம் ஏட்டைக் கொடுப்பது அறமாகுமா?

கிழக்குப் பல்கலைக்கழகம் மட்டக்களப்பிலேயே மருத்துவமும் தாதியமும் கற்பிக்கின்றது. விலை மிகுந்த பொறிகள் உடனே வாராவிடினும், எளிய பாவைகளேனும் ஒவ்வொரு மாணவர்க்கும் போதிய நாழிகை கிடைத்தல் வேண்டும். இன்னொன்றும் வேண்டும்: பொறி தமிழும் பேசவேண்டும். திண்மை, மென்மை, தடை, நெகிழ்ச்சி எனத் தொடுகைக்குரிய சொற்கள் நம்மிடம் நிரம்ப உள. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூலையும் தமிழாக்கினார். அயலார்க்கு இயன்றது நமக்கு இயலாதோ?

விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்ற விபுலாநந்த அடிகள், 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் துயில்வது நம் கல்லடியிலே. அவர் தொடங்கிய பணியைத் தொடர்வது தமிழாசிரியராகிய எம் கடன். பொறிகளைத் தேடிக்கொணர்வது கற்றாரும் ஆள்வாரும் ஆற்றவேண்டிய கடன். அடுத்த முறை என் கையைப் பற்றும் மாணவரின் விரல் நடுங்காதிருக்குமாக.